யாருடைய பணம், யாருடைய விண்வெளி?

லோறி கார்வரின் நூலை முன்வைத்துச் சில விவாதக் குறிப்புகள்

அரசு தோற்ற இடத்தில் தனிமனித முயற்சி வென்றது. கடந்த பதினைந்து வருடங்களாக விண்வெளி பற்றி மேற்குலகின் வெகுசன ஊடகங்கள் எமக்குச் சொல்லிவரும் கதையின் சாரம் இதுதான். சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாசா கொழுத்துச் சோம்பிப் போயிற்றாம். ஈலோன் மஸ்க், ஜெவ் பெசோஸ் போன்ற செல்வந்தர்கள் தமது பணத்தையும் துணிச்சலையும் மட்டும் கொண்டு அது விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்களாம். இதற்கு மறுப்பாக எமது பக்கத்தில், அதாவது இடதுசாரிச் சிந்தனைவழி வந்த புலம்பெயர்ந்தோர் மத்தியில், இன்னொரு கதை உலவுகிறது: மக்களின் வரிப்பணத்தை அள்ளி முதலாளிகளின் சட்டைப்பையில் போட்டார்கள், வேறொன்றும் நடக்கவில்லை என்பது அது. இரண்டும் சொல்வதற்கு எளிதான கதைகள். நடந்ததை விளக்குவதற்கு இரண்டுமே போதாது.

இந்த இரண்டுக்கும் நடுவே வைத்து வாசிக்கத்தக்க நூல், 2022 இல் வெளிவந்த லோறி கார்வரின் ‘எஸ்கேப்பிங் கிராவிற்றி’. கார்வர் வெளியிலிருந்து பார்த்து எழுதியவர் அல்லர். 2008 இல் ஒபாமா தெரிவானபோது நாசாவுக்கான பொறுப்பு மாற்றக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 2009 முதல் 2013 வரை நாசாவின் பிரதி நிர்வாகியாக இருந்தவர். விண்வெளி வீரர்களை ஏற்றிச்செல்லும் வேலையைத் தனியார் கம்பனிகளிடம் கொந்தராத்துக்கு விடும் கொள்கைக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர். அவர் தப்ப நினைக்கும் ஈர்ப்புவிசை பூமியினுடையது மட்டுமல்ல. கொங்கிரஸ் உறுப்பினர்கள், பழைய ஆயுதக் கம்பனிகள், நாசாவின் உள்ளேயே இருந்த ஒரு பிரிவினர் ஆகியோர் சேர்ந்து பின்னிய வலையின் ஈர்ப்பு அது.

ரொக்கற் விடுவதுபற்றி எமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். நாம் வந்து சேர்ந்த நாடுகளில் புகையிரதம், தபால், தொலைபேசி, மின்சாரம் என ஒவ்வொன்றாகத் தனியாரிடம் கைமாறியதைக் கண்முன்னே பார்த்தவர்கள் நாங்கள். அப்போதெல்லாம் ‘அரசா தனியாரா’ என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டே விவாதித்தோம். அந்த இரண்டு பெட்டிகளும் போதாது என்பதை விண்வெளித்துறையைப்போல அப்பட்டமாகக் காட்டும் துறை வேறில்லை. அங்கே அரசு இல்லாத தனியாரும் இல்லை. தனியார் இல்லாத அரசும் ஒருபோதும் இருந்ததில்லை.

1. ‘தனியார்’ எப்போது வந்தார்கள்?

அப்பொலோவை எடுத்துக்கொள்வோம். 1966 அளவில் அமெரிக்க மத்திய அரசின் செலவில் 4 வீதத்துக்கு மேல் விழுங்கிய நாசாவின் மிகப்பெரிய திட்டம் அது. அரசின் திட்டம் என்று நாம் சொல்கிறோம். ஆனால் அந்தக் கலங்களைச் செய்தவை நோர்த் அமெரிக்கன் ஏவியேசன், கிரம்மன், போயிங் முதலிய தனியார் கம்பனிகள். இலாபம் அப்போதும் இருந்தது; பங்குதாரர்கள் அப்போதும் இருந்தார்கள்.

வர்த்தகச் செய்மதியும் புதிய விடயமல்ல. 1962 யூலை 10 இல் ஏவப்பட்ட ரெல்ஸ்ரார் செய்மதி ஏரி அன்ட் ரி தொலைபேசிக் கம்பனிக்குச் சொந்தமானது. அதை ஏவியது நாசா; கம்பனி ஏவுகூலி கட்டியது. அதே ஆண்டில், செய்மதித் தொடர்பாடலை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி அமெரிக்க செனற்றுக்கு வந்தது. கொம்சாற் என்ற புதிய கூட்டுத்தாபனத்தை அமைத்து, அதன் பங்குகளில் பாதியைத் தொலைத்தொடர்புக் கம்பனிகளுக்கும் மீதியைப் பொதுமக்களுக்கும் விற்பது என்பது கென்னடி அரசு கொண்டுவந்த ஏற்பாடு. எஸ்ரெஸ் கெபோவர், வெயின் மோர்ஸ் போன்ற செனற்றர்கள் சினந்தெழுந்தார்கள். மக்கள் பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பத்தை ஏகபோகத்துக்குத் தானம் கொடுப்பதா என்று கேட்டு, பேசிப் பேசியே மசோதாவைத் தடுத்தார்கள். அவர்களது வாயை அடைக்கச் செனற் விவாதமுடிப்புத் தீர்மானம் நிறைவேற்றவேண்டி வந்தது. அப்படியொரு தீர்மானம் வெற்றிபெற்றது 1927 க்குப் பின் அதுவே முதற்தடவை. ஓகஸ்ட் 31 இல் கென்னடி கையொப்பமிட்டார்.

இன்று மஸ்கைப் பற்றி நடக்கும் வாதத்தின் எல்லாச் சொற்களும் 1962 இலேயே பேசப்பட்டுவிட்டன என்பதைக் கவனிக்கவேண்டும். அரசு விலகியதால் தனியார் வந்தார்கள் என்ற காலவரிசை தவறானது. அரசு கதவைத் திறந்து, கதிரை போட்டு, உள்ளே அழைத்த பின்னரே அவர்கள் வந்தார்கள்.

சட்டமும் அப்படித்தான். 1967 இன் விண்வெளி உடன்படிக்கையின் ஆறாவது உறுப்புரையின்படி, ஒரு நாட்டின் அரசுசாராத அமைப்புகள் விண்வெளியில் செய்யும் வேலைகளுக்கும் அந்த அரசே சர்வதேசப் பொறுப்பாளி. அவற்றுக்கு அனுமதி வழங்கவும் தொடர்ந்து மேற்பார்வை செய்யவும் அது கடமைப்பட்டுள்ளது. 1972 இன் நட்டப்பொறுப்பு உடன்படிக்கை, விழுந்து நாசம் செய்தால் நட்டஈடு கட்டும் கடமையை ஏவிய நாட்டின் தலையில் வைத்தது. அமெரிக்காவில் 1984 இல் றீகன் கையொப்பமிட்ட வர்த்தக ஏவுதல் சட்டமும் 1988 இன் அதன் திருத்தமும் இதனை வீட்டுக்கணக்காக எழுதின. கம்பனி மூன்றாம் தரப்புக்கான காப்புறுதியை ஓர் உச்சவரம்பு வரை எடுத்தால் போதும். அது ஆகக்கூடியது 500 மில்லியன் டொலர். அதற்கு மேற்பட்ட நட்டத்தில் 1988 ஆம் ஆண்டுப் பெறுமதியில் மேலும் 1.5 பில்லியன் வரை, கொங்கிரஸ் நிதி ஒதுக்கும் பட்சத்தில், அரசு ஏற்கும். சந்தையை வணங்கிய றீகனின் காலத்திலேயே அரசு ஒரு காப்புறுதிக் கம்பனியாகவும் மாறியது.

சந்தை தன்பாட்டில் விடப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கு இரிடியம் நல்ல உதாரணம். ஏறத்தாழ 5 பில்லியன் டொலர் செலவில் செய்மதித் தொலைபேசி வலையொன்றை அமைத்த அந்தக் கம்பனி 1999 ஓகஸ்டில் வங்குரோத்தானது. செய்மதிகளை வளிமண்டலத்தில் எரித்துவிடத் திட்டமும் போடப்பட்டது. புதிய முதலீட்டாளர்கள் முழுவதையும் 25 மில்லியனுக்கு வாங்கினார்கள். அவர்களை நிமிர்த்தியது 2000 டிசெம்பரில் பென்ரகன் கொடுத்த 72 மில்லியன் டொலர் ஒப்பந்தம்.

2. கொந்தராத்தும் நாட்சம்பளமும்

கார்வர் சொல்வதன் பலமான பகுதி இங்குதான் இருக்கிறது. அரசு பணம் கொடுக்கிறதா இல்லையா என்பதல்ல அவரது கேள்வி. எந்த முறையில் கொடுக்கிறது என்பது. ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். மேசனாரை நாட்சம்பளத்துக்கு வைத்தால் வேலை இழுபடும். இழுபடும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்காரனின் நட்டம். கொந்தராத்துக்கு விட்டால் இழுபடுவதன் நட்டம் மேசனாருடையது. நாசாவின் பெரிய திட்டங்கள் அநேகமாக முதல் முறையில் நடந்தன. ஆகும் செலவு முழுவதையும் அரசு ஏற்று, அதற்கு மேல் ஒரு தொகையை இலாபமாகவும் கொடுக்கும். சுணக்கத்துக்குத் தண்டனை இல்லை. பல வேளைகளில் சுணக்கமே வருமானம்.

2006 இல், ஜோர்ஜ் புஷ்ஷின் ஆட்சியில், நாசா இரண்டாவது முறையைப் பரீட்சித்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றும் வசதியை உருவாக்க ஸ்பேஸ்எக்ஸுக்கு 278 மில்லியன், றொக்கற்பிளேன் கிஸ்லருக்கு 207 மில்லியன் டொலர் என்று ஒப்புக்கொண்டது. தொகை முன்கூட்டியே நிர்ணயமானது. வேலையின் ஒவ்வொரு படியும் முடிந்தபின்பே அந்தப் படிக்குரிய காசு. கம்பனியும் தன் பங்குக்கு முதல் போடவேண்டும். கிஸ்லர் தனியார் முதலைத் திரட்ட முடியாமல் நின்றபோது, நாசா 2007 இல் ஒப்பந்தத்தை முறித்தது. அதுவரை கொடுபட்டது 32 மில்லியன் மட்டும். மிஞ்சிய காசு மறுபடி போட்டிக்கு விடப்பட்டு, 2008 இல் ஓபிற்றல் சயன்சஸ் கம்பனிக்குப் போயிற்று. தோற்றவனுக்குத் தொடர்ந்து படியளக்காத ஓர் அரச ஒப்பந்தத்தை நாசா அதுவரை அதிகம் கண்டதில்லை.

ஸ்பேஸ்எக்ஸின் முதல் மூன்று ரொக்கற்றுகளும் தோற்றன. நான்காவது, 2008 செப்ரெம்பர் 28 இல், மார்ஷல் தீவுகளின் குவாஜலின் பவளத்தீவிலிருந்து எழுந்து சுற்றுப்பாதையை அடைந்தது. அந்தத் தளம் அமெரிக்க இராணுவத்தினுடையது. தளத்துக்காக இடம்பெயர்க்கப்பட்ட தீவுமக்கள் பக்கத்து எபாயி தீவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்பது வெற்றிக் கதைகளில் அநேகமாக இடம்பெறுவதில்லை. அந்த வருடக் கடைசியில் கம்பனி வங்குரோத்தின் விளிம்பில் நின்றது; மஸ்கே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். டிசெம்பர் 23 இல் நாசா, பன்னிரண்டு சரக்குப் பயணங்களுக்கு 1.6 பில்லியன் டொலர் என்ற ஒப்பந்தத்தைக் கொடுத்தது. ‘சுயமாக எழுந்து நின்ற’ கம்பனியின் கால் அந்த நத்தார் வாரத்தில் அரசிடமிருந்து வந்தது.

ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் எமது பக்கத்துக் கதையைத்தான் திரும்பச் சொன்னவர்களாவோம். அந்தப் பணத்துக்கு அரசு என்ன பெற்றது என்றும் கேட்கவேண்டும். 2011 இல் நாசா தனது சொந்தச் செலவுக் கணிப்பு மாதிரியை வைத்துப் பார்த்தது. பல்கன் 9 ரொக்கற்றை வழமையான முறையில் உருவாக்கியிருந்தால் ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் பிடித்திருக்கும் என்று கணக்கு வந்தது. ஸ்பேஸ்எக்ஸ் அதற்குச் செலவழித்தது சுமார் 300 மில்லியன். அதற்கு முந்திய பல்கன் 1 க்கான 90 மில்லியனைச் சேர்த்தாலும் 390. 2014 இல் விண்வெளி வீரர்களை ஏற்றும் ஒப்பந்தம் இரண்டு கம்பனிகளுக்குக் கிடைத்தது: போயிங்குக்கு 4.2 பில்லியன், ஸ்பேஸ்எக்ஸுக்கு 2.6 பில்லியன். குறைவாகப் பெற்றவன் 2020 மே மாதத்தில் ஆட்களை ஏற்றினான். கூடப் பெற்ற போயிங்கின் ஸ்ரார்லைனர் 2024 யூனில் இரண்டு பேரை ஏற்றிச்சென்று, பழுதுபட்டு, செப்ரெம்பரில் வெறுங்கலமாகத் திரும்பியது. அந்த இருவரும் 2025 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில்தான் வீடு வந்தார்கள். கொந்தராத்து என்பதால் போயிங்கின் 1.5 பில்லியனுக்கு மேற்பட்ட நட்டம் போயிங்கின் கணக்கிலேயே விழுந்தது. நாட்சம்பள முறையாக இருந்திருந்தால் அது மக்களின் கணக்கில் விழுந்திருக்கும்.

மறுபக்கத்தில் ஒபாமா அரசு 2010 இல் நிறுத்த முயன்ற பழைய திட்டத்தின் எச்சத்தைப் பாருங்கள். அலபாமா, புளோரிடா போன்ற மாநிலங்களின் செனற்றர்கள் இரண்டு கட்சியிலுமிருந்து ஒன்றுகூடி, விண்ணோடத்தின் பழைய எஞ்சின்களையும் பழைய ஒப்பந்தக்காரர்களையும் கொண்டே புதிய பெரிய ரொக்கற்றைக் கட்டவேண்டும் என்ற போக்கில் சட்டம் இயற்றினார்கள். கேலியாக அதற்கு ‘செனற்றின் ரொக்கற்’ என்று பெயர். அது 2022 நவம்பரில்தான் முதன்முறை பறந்தது. ரொக்கற், ஓரியன் கலம், ஏவுதள வசதிகள் எல்லாம் சேர்த்து முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 4.1 பில்லியன் டொலர் ஆகும் என்று நாசாவின் தலைமைக் கணக்காய்வதிகாரி அந்த ஆண்டு மார்ச்சில் கொங்கிரஸுக்குச் சொன்னார். இது பெயரளவில் ‘அரச’ ரொக்கற். ஆனால் முதலாளிக்கு நிபந்தனையில்லாமல் படியளக்கும் வேலை எங்கே நடந்தது என்று கேட்டால், விரல் முதலில் இந்தப் பக்கம்தான் நீளவேண்டும். அரசின் பெயர் ஒட்டியிருப்பதால் ஒன்று மக்களுடையதாகிவிடாது. இதை இலங்கையின் கூட்டுத்தாபனங்களைப் பார்த்து வளர்ந்த எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

3. நூல் தொடாத பக்கம்

ஆகவே கார்வரின் வாதம் சரி. ஆனால் அது பாதிவழியில் நின்றுவிடுகிறது. மலிவாக, விரைவாக வாங்குவது எப்படி என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்கிறார். வாங்கி முடிந்தபின் யார் யாரில் தங்கி நிற்கிறார்கள் என்ற கேள்வி நூலின் ஓரத்தில் கிடக்கிறது. செல்வந்தர்கள் பற்றிய சங்கடத்தை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அவரது தர்க்கத்தின் பாரம் அங்கே விழவில்லை.

முதலாவது, முதுசம். 390 மில்லியனுக்கு ஒரு ரொக்கற் செய்யமுடிந்தது வெறும் கெட்டித்தனத்தால் மட்டுமல்ல. மெர்லின் எஞ்சினின் எரிபொருள் செலுத்தும் முறை, அப்பொலோவின் சந்திரக்கலத்துக்காக அரச பணத்தில் வளர்ந்த வடிவமைப்பின் வழிவந்தது. டிராகனின் வெப்பக் கவசம் நாசாவின் ஏம்ஸ் நிலையத்தில் உருவான பொருளிலிருந்து பிறந்தது. செங்குத்தாகக் கீழிறங்கும் ரொக்கற்றை 1993 இலேயே பறக்கவிட்டது, றீகன் தொடக்கிய ‘நட்சத்திரப் போர்’ திட்ட அலுவலகத்தின் காசில் மக்டொனல் டக்ளஸ் செய்த டிசி-எக்ஸ். சந்திரனுக்குப் புறப்பட்ட 39ஏ ஏவுதளத்தை 2014 இல் ஸ்பேஸ்எக்ஸ் இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. இதனால் அந்தப் பொறியியலாளர்களின் உழைப்புச் சிறுமைப்படாது. ஆனால் தாத்தா வெட்டிய கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ‘நான் கண்டுபிடித்த தண்ணீர்’ என்று விற்கமுடியாது.

இரண்டாவது, பங்கு. கம்பனி சாகக்கிடந்தபோது பணம் கொடுத்த அரசுக்கு அதில் ஒரு பங்குகூட இல்லை. அது முடியாத காரியமா? 2020 இல் வங்குரோத்தான வன்வெப் செய்மதிக் கம்பனியைப் பிரித்தானிய அரசு இந்தியாவின் பார்த்தி குழுமத்துடன் சேர்ந்து வாங்கியது. ஆளுக்கு 500 மில்லியன் டொலர். அதைச் செய்தது தொழிற்கட்சி அரசல்ல. பொறிஸ் ஜோன்சனின் பழமைவாத அரசு. 2023 இல் அக்கம்பனி பிரான்சின் யூற்றெல்சாற்றுடன் இணைந்தது. அது நல்ல முதலீடா என்பது வேறு விவாதம். பொதுப்பணம் கொடுப்பவர் பங்கு கேட்கலாம் என்பது சோசலிசவாதிகளின் கற்பனையல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, போட்டி. கொந்தராத்து முறை வேலைசெய்வதற்கு இரண்டு மேசன்மாராவது வேண்டும். 1996 இல் நாசா எக்ஸ்-33 என்ற மீளப்பாவிக்கும் கலத்துக்காக லொக்ஹீட் மார்ட்டின் ஒன்றையே தெரிந்து கூட்டுச் சேர்ந்தது. ஏறத்தாழ 900 மில்லியன் டொலர் அரச பணம் கரைந்தபின், ஒருதடவையும் பறக்காமல் 2001 இல் அது கைவிடப்பட்டது. அரச-தனியார் கூட்டு என்ற சொல்லில் மந்திரம் எதுவும் இல்லை. இன்று வேறொரு வகையில் அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். மேசன்மாரில் ஒருவன் மற்றவனை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டான். போட்டியின் வெற்றி, போட்டியை விழுங்கிவிட்டது.

2025 யூன் 5 ஆம் திகதி இதன் பொருள் வெளிச்சமானது. ட்ரம்புக்கும் மஸ்குக்கும் இடையிலான பகிரங்கச் சண்டையில், மஸ்கின் அரச ஒப்பந்தங்களை வெட்டுவது பற்றி ஜனாதிபதி பேசினார். டிராகன் கலத்தைச் சேவையிலிருந்து விலக்கத் தொடங்குவதாக மஸ்க் பதிலுக்கு அறிவித்தார். அவ்வேளையில் அமெரிக்க மண்ணிலிருந்து நிலையத்துக்கு ஆட்களை ஏற்றக்கூடிய, சேவையிலிருந்த ஒரேயொரு கலம் அது. சில மணித்தியாலங்களில் அவர் அதை மீளப்பெற்றார். இரண்டு ஆண்பிள்ளைகளின் கோபத்துக்கு நடுவே, பல நாடுகள் கட்டிய ஒரு நிலையத்தின் வழிப்பாதை ஒரு பின்னேரம் முழுவதும் தொங்கிக்கொண்டு நின்றது.

நான்காவது, அறிவு. கொந்தராத்து கொடுப்பவனுக்குச் சுவர் நேரா கோணலா என்று பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். 2006 இன் பரிசோதனை வென்றதற்கு ஒரு காரணம், கம்பனிகளின் வேலையைப் படிபடியாகச் சோதிக்கத் தெரிந்த பொறியியலாளர்கள் நாசாவுக்குள் இருந்தது. மலிவாக வாங்கத் தெரிந்த அரசு சிறிய அரசல்ல. விடயம் தெரிந்த அரசு. 2025 இல் நாசாவின் ஊழியர்களில் ஏறத்தாழ 4,000 பேர் ஆட்குறைப்பு விலகற் திட்டத்தின் கீழ் வெளியேற இணங்கினார்கள். அந்த ஆண்டின் முற்பகுதியில் அரச ஆட்குறைப்பை முன்னின்று நடத்தியவர், அந்த நாசாவுக்கே கலம் விற்கும் கம்பனியின் உரிமையாளர். வீட்டுக்காரனின் கண்ணைக் கட்டும் உரிமையை மேசனாருக்குக் கொடுத்தால் வீடு எப்படி வரும்?

4. விற்கக்கூடாதவை

எல்லாவற்றையும் கொந்தராத்துக்கு விடலாமா? இந்தக் கேள்விக்கும் அமெரிக்க வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. நிலத்தைப் படம்பிடிக்கும் லான்ட்சாற் செய்மதிகளை 1984 இன் ஒரு சட்டத்தின்மூலம் றீகன் அரசு வர்த்தகமயமாக்கியது. ஈயோசாற் என்ற கம்பனி பொறுப்பேற்றது. ஒரு படத்தின் விலை 4,000 டொலரைத் தாண்டியது. காடழிவையும் வரட்சியையும் ஆராய்ந்த பல்கலைக்கழகத்தவர்களும் ஏழை நாட்டவர்களும் வாங்க வழியின்றி விலகினார்கள். 1992 இல் இன்னொரு சட்டம் அதனை மீண்டும் அரசிடம் கொண்டுவந்தது. 2008 இல் படங்கள் யாவும் இலவசமாக்கப்பட்டன. அதன்பின் அவற்றின் பாவனை பன்மடங்காகப் பெருகியது. சரக்கு ஏற்றுவது ஒரு சேவை. அதை விலைக்கு வாங்கலாம். பூமி பற்றிய அறிவு அப்படியல்ல. ஒருவர் பாவிப்பதால் மற்றவருக்குக் குறையாத ஒன்றுக்கு வேலிகட்டி விலைபோட்டால், பாவிப்பவர்தான் குறைவார்.

இதைவிடக் கடுமையான உதாரணம் போர். 2022 பெப்ரவரியில் ரஷ்யா படையெடுத்த சில நாட்களிலேயே உக்ரைன் ஸ்ரார்லிங்க் சேவையைக் கேட்டது, கிடைத்தது. வைத்தியசாலைகளும் படையணிகளும் அதிலேயே தங்கி நின்றன. பெற்றுக்கொடுத்ததில் மேற்கு அரசுகளின் பணமும் இருந்தது. அந்த ஆண்டு செப்ரெம்பரில், கிரிமியாவில் நின்ற ரஷ்யக் கடற்படை மீது ஆளற்ற படகுகளால் தாக்குவதற்கு உக்ரைன் முற்பட்டபோது, அப்பகுதியில் சேவையை இயக்கும்படி கேட்கப்பட்டது. மஸ்க் மறுத்தார். பெரியதொரு போருக்கு உடந்தையாக விரும்பவில்லை என்று 2023 இல் அவரே எழுதினார். அவரது முடிவு சரியா பிழையா என்பதில் எமக்குள் இரண்டு கருத்துகள் இருக்கலாம். போர் விரிவதைத் தடுத்த எந்தச் செயலையும் இலேசில் கண்டிக்க நான் தயாரில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள்? எந்தப் பாராளுமன்றம் விவாதித்தது? எந்த மக்களுக்கு அவர் பதில் சொல்லவேண்டும்? பென்ரகன் ஸ்ரார்லிங்குடன் முறையான ஒப்பந்தம் செய்தது 2023 யூனில்தான். அதுவரை ஒரு போர்முனையின் தொடர்பு ஒரு தனிமனிதனின் விருப்பில் நின்றது. ஒப்பந்தத்தின்பின் பென்ரகனின் விருப்பில் நிற்கிறது. அது எமக்கு ஆறுதல் தரும் முன்னேற்றமும் அல்ல.

தொலைபேசிக் கம்பிகள் அறுந்துகிடந்த வருடங்களில் ஊரிலிருந்து ஒரு கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த சமூகம் எங்களுடையது. தொடர்பை அறுப்பதும் ஓர் ஆயுதம் என்பதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2025 யூலையில் ஸ்ரார்லிங்க் இலங்கையிலும் சேவையைத் தொடங்கியது. அரசு கம்பியை அறுத்தாலும் வானத்திலிருந்து இணைப்பு வரும் என்று மகிழ்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தச் சேவை கொழும்பின் அனுமதிப்பத்திரத்தோடுதான் இறங்கியிருக்கிறது. முன்பு ஆளியில் ஒரு கை இருந்தது. இப்போது இரண்டு கைகள். இரண்டாவது கைக்கு வாக்காளர்களும் இல்லை.

5. கேள்வியை மாற்றுவோம்

‘தனியாருக்கு அரசு உதவலாமா’ என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. உதவாத நாள் ஒன்று இருந்ததில்லை. வாங்குபவனாக, காப்புறுதியாளனாக, நிலம் குத்தகைக்கு விடுபவனாக, அறிவை முதுசமாகக் கொடுப்பவனாக அரசு எப்போதும் அங்கே நிற்கிறது. கண்ணை மூடிக்கொள்பவனாகவும் நிற்கிறது: பயணம் செய்யும் மனிதரின் பாதுகாப்புக்கு விதிகள் விதிப்பதற்கு அமெரிக்காவில் 2004 இல் போடப்பட்ட தடை, நீட்டி நீட்டி 2028 வரை கொண்டுவரப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவும் விதிவிலக்கல்ல. தன்னைச் சந்தையின் பிள்ளை என்று சொல்லிக்கொண்ட ஏரியான் ரொக்கற் குடும்பத்தின் ஆறாவது பிறப்புக்கு, வருடாந்தம் 340 மில்லியன் யூரோ வரை கொடுப்பதற்கு ஐரோப்பிய நாடுகள் 2023 நவம்பரில் செவில் நகரில் உடன்பட்டன.

கேட்கவேண்டியது வேறு: கொடுக்கும்போது என்ன நிபந்தனை போட்டோம்? கார்வர் ஒரு நிபந்தனையைக் கற்றுத்தந்தார்: வேலை முடிந்தபின் காசு. அது பெரிய காரியம். அதை ‘தனியார்மயம்’ என்ற ஒற்றைச் சொல்லால் எமது தரப்பினர் தள்ளிவிடுவது சோம்பல். ஆனால் அதோடு வேறு நிபந்தனைகளும் சேரவேண்டும். உயிர்காக்கப் பணம் கொடுத்தால் பங்கு. ஒரு சேவையை ஒருவரே தரும் நிலை வந்தால், அதை நிறுத்தவோ திருப்பவோ அவருக்குத் தனியுரிமை இல்லை என்ற சட்டம். பூமி பற்றிய தகவல் பொதுவுடைமை. வாங்கும் அரசின் கையில், விற்பவனின் கையில் உள்ளதற்குக் குறையாத அறிவு. இவற்றில் எதுவும் புரட்சியைக் கோரவில்லை. மின்சாரத்துக்கும் புகையிரதத்துக்கும் முன்னொரு காலத்தில் சாதாரண பாராளுமன்றங்கள் விதித்த நிபந்தனைகளின் நீட்சிதான் இவை.

இப்படிச் சொல்வது சீர்திருத்தவாதம் என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். 1962 இல் கெபோவரும் மோர்ஸும் தோற்றார்கள். ஆனால் என்ன கொடுக்கப்படுகிறது, யாருக்கு, எந்த விலைக்கு என்ற கேள்வியைச் சபையின் ஏட்டில் பதித்துவிட்டுத் தோற்றார்கள். இன்றைய ஒப்பந்தங்கள் கையொப்பமாகும்போது அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை சபைகளில் எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள்? எழுந்து நிற்பதற்கு முதலில் கணக்கு வாசிக்கத் தெரியவேண்டும். வெறும் கண்டனத்துக்குக் கணக்குத் தேவையில்லை. அதனால்தான் அது மலிவாகக் கிடைக்கிறது.